பறவைக் காய்ச்சல் களத்துக்கு எந்தக் கவச உடை?

2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வெல்ட் கவுன்டியிலுள்ள பெரிய முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றில் பறவைக் காய்ச்சல் பரவியது. கோழிகளைப் பிடித்துக் கொன்று அப்புறப்படுத்த ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். முழு உடலையும் மூடும் உடை, கண்ணாடி, என்95 முகமூடி எல்லாம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. ஆனாலும் அந்த மாதம் அங்கும் இன்னொரு பண்ணையிலுமாக 9 தொழிலாளர்களுக்கு எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அதிகாரிகள் சொன்ன காரணத்தில் புரியாத விஞ்ஞானம் எதுவும் இல்லை. வெளியே வெப்பம் 40 டிகிரி செல்சியஸ். கொட்டகைக்குள் அதற்கும் மேல். சூட்டைத் தணிக்க ஓடிய ராட்சத விசிறிகள் இறகையும் தூசியையும் கிளப்பி ஆட்களின் முகத்தில் அடித்தன. அந்தப் புழுக்கத்தில் கண்ணாடியும் முகமூடியும் முகத்தில் நிற்கவில்லை.

உடை இருந்தது, வேலை முடியும்வரை அந்த உடம்பு தாங்குகிற உடையாக அது இல்லை. ஒருமுறை அணிந்து எறியும் கவச உடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். துணி எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ரத்தம் ஊடுருவாதா, விலை என்ன என்ற மூன்று கேள்விகளோடு கொள்முதல் முடிந்துவிடுகிறது. கனமான துணி என்றால் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பறவைக் காய்ச்சல் களத்தில் அந்த நம்பிக்கை ஆபத்தானது.

முதலில் எதிரியைப் பார்ப்போம். இன்ஃப்ளுயன்சா வைரஸின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் எந்தத் துணியும் போதாது என்று தோன்றும். ஆனால் பண்ணையில் வைரஸ் தனியாகப் பறப்பதில்லை. காய்ந்த எச்சத்தின் பொடியில், இறகுத் தூளில், பறவையின் மூக்குநீரில், அறுபட்ட கழுத்திலிருந்து தெறிக்கும் ரத்தத்தில், பசுவின் பாலில் அது பயணம் செய்கிறது. ஆகவே உடை தடுக்க வேண்டியவை இரண்டு: தூசி, ஈரம். எந்த வேலையில் எது அதிகம் என்பதைப் பொறுத்தே துணி மாறும்.

இன்னொன்றும் உண்டு. வைரஸ் தோல் வழியாக உள்ளே போவதில்லை. கண், மூக்கு, வாய் வழியாகத்தான் போகிறது. 2003-இல் நெதர்லாந்தில் எச்7என்7 வகை பரவி ஏறத்தாழ 3 கோடிப் பறவைகள் அழிக்கப்பட்டன. அப்போது 89 மனிதர்களுக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 78 பேருக்கு இருந்தது கண் அழற்சி மட்டுமே. ஒரு கால்நடை மருத்துவர் நுரையீரல் செயலிழந்து இறந்தார். இருபது ஆண்டு கழித்து அமெரிக்காவிலும் அதே கதை. 2024-இல் அங்கே தொற்றிய 46 பேரைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், விலங்குகளிடமிருந்து தொற்றியவர்களில் 93 விழுக்காட்டினருக்குக் கண் சிவந்திருந்தது. விலங்குகளோடு வேலை செய்தவர்களில் கையுறை போட்டவர்கள் 71 விழுக்காடு, கண் பாதுகாப்பு அணிந்தவர்கள் 60 விழுக்காடு, முகமூடி அணிந்தவர்கள் 47 விழுக்காடு. எது மிக அவசியமோ அதைத்தான் மிகக் குறைவானவர்கள் போட்டிருந்தார்கள்.

அப்படியானால் உடம்பை மூடும் உடை எதற்கு? அது வைரஸை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தடுக்கிறது. சட்டையில் ஒட்டிய எச்சப்பொடி கைக்கு வரும். கை கண்ணுக்குப் போகும். அதே சட்டையோடு அடுத்த பண்ணைக்குப் போனால் அங்குள்ள கோழிகளுக்கும் ஆபத்து. இந்த வேலையைச் செய்ய இரும்புக் கவசம் வேண்டியதில்லை. வேலைக்குப் பொருந்திய, கழற்றத் தெரிந்த ஓர் உடை போதும்.

சந்தையில் கிடைக்கும் துணிகள் பெரும்பாலும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. முதலாவது எஸ்எம்எஸ் எனப்படும் பாலிப்ரொப்பிலீன் துணி. ஸ்பன்பாண்ட் இழைகளின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நுண்ணிய மெல்ட்புளோன் இழைகளை வைத்து ஒட்டியது. காற்று நன்றாகப் போகும், வேர்வை ஆறும். ஆனால் ஈரம் அழுத்தமாகப் பட்டால் விட்டுக்கொடுக்கும். இரண்டாவது, பாலிஎத்திலீனை மெல்லிய இழைகளாகப் பீய்ச்சி அழுத்திச் செய்யும் துணி. டூபாண்ட் நிறுவனத்தின் டைவெக் இதற்குப் பெயர்போனது. இதில் தடுப்பு துணியின் முழுக் கனத்திலும் இருப்பதால் உராய்ந்தாலும் சட்டென்று கெடாது. மூன்றாவது, பாலிப்ரொப்பிலீன் துணியின் மேல் நுண்துளைப் படலம் ஒட்டியது. ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் காற்றோட்டம் குறைவு. மேலும் தடுப்பு முழுவதும் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. முழங்கால் போட்டுக் கூண்டின் கம்பியில் தேய்த்தால் படலம் கிழியும். கிழிந்தது வெளியே தெரியாது.

துணியை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. முழு உடையையும் மதிப்பிட ஐரோப்பியத் தரநிலைகள் தெளிவான வழி வைத்திருக்கின்றன. உடையின் மேல் ஒட்டிய சீட்டில் டைப் என்று ஓர் எண் இருக்கும். டைப் 3 பீய்ச்சும் திரவத்துக்கு, டைப் 4 தெளிக்கும் திரவத்துக்கு, டைப் 5 காற்றில் மிதக்கும் தூசிக்கு, டைப் 6 லேசாகத் தெறிக்கும் திரவத்துக்கு. எண் சிறியதாக ஆக உடை இறுக்கமாகவும் புழுக்கமாகவும் ஆகும். கிருமிகளுக்கு எதிராகத் துணி சோதிக்கப்பட்டிருந்தால் எண்ணின் பின்னால் பி என்ற எழுத்து சேரும். அதற்கான தரநிலை இஎன் 14126. அதனுள் செயற்கை ரத்தம், வைரஸ் கலந்த திரவம், கிருமி படிந்த ஈரப்பரப்பு, கிருமி கலந்த திவலை, கிருமி கலந்த தூசி என்று தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன.

இந்தப் பட்டியலில் கோழிக்கொட்டகைக்கு மிகவும் வேண்டியது கடைசியில் இருக்கும் தூசிச் சோதனை. அதையே வாங்குகிறவர்கள் அதிகம் கேட்பதில்லை. காரணம் 2020. கொரோனா வந்தபோது நாடே கேட்ட கேள்வி, ரத்தம் ஊடுருவுமா என்பதுதான். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவின் சோதனைக்கூடத்தில் இந்தியா முழுவதிலிருந்தும் வந்த துணி மாதிரிகள் வரிசை கட்டின. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணியின் மேல் வைத்து, மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. தேறிய உற்பத்தியாளருக்குத் தனிக் குறியீட்டு எண் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டே இந்தியத் தரநிலையான ஐஎஸ் 17423-உம் வந்தது. தொடக்கத்தில் உள்நாட்டில் இவ்வகை உடை தயாரிப்பே இல்லை எனலாம். மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு 2 லட்சத்துக்கும் மேல் தயாரானது. திருப்பூரிலும் கோவையிலும் பனியன் தைத்தவர்கள் கவச உடை தைத்தார்கள். மருத்துவமனைகளைக் காப்பாற்றிய சாதனை அது.

ஆனால் மருத்துவமனைக்கென்று வகுத்த அளவுகோலைப் பண்ணைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. மருத்துவமனைத் தரை சமமானது, உலர்ந்தது. அறை குளிரூட்டப்பட்டது. மருத்துவமனைக் கிட்டில் வரும் மெல்லிய காலணி உறை கொட்டகைச் சேற்றில் பத்தடி நடப்பதற்குள் கிழியும். ஈரச் சிமென்டில் வழுக்கியும் விடும். பண்ணைக்கு வேண்டியது கழுவிக் கிருமிநாசினி போடக்கூடிய கம்பூட்ஸ். கிடங்கில் மிஞ்சிக் கிடக்கும் கொரோனா காலத்துக் கிட்டுகளைப் பறவைக் காய்ச்சலுக்கு அனுப்புவது சிக்கனமாகத் தோன்றலாம். அதைச் செய்யும் முன் ஓர் உடையை எடுத்து மணிக்கட்டின் எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். இற்றுப்போன எலாஸ்டிக் இழுத்தபடியே நிற்கும். தையலின் மேல் ஒட்டிய டேப்பின் நுனியை நகத்தால் நெருட வேண்டும். உலர்ந்த பசை உரிந்து வந்துவிடும்.

தையல் தனியாகப் பேசப்பட வேண்டிய விஷயம். நல்ல துணியை ஊசியால் குத்தித் தைக்கும்போது ஒவ்வொரு குத்தும் ஒரு துளை. சாதாரண ஓவர்லாக் தையல் தூசிக்கே முழுத் தடுப்பாகாது. தையலின் மேல் சூடான காற்றால் டேப்பை உருக்கி ஒட்டிய உடைகள்தான் ஈரமான வேலைக்கு ஏற்றவை. அதைவிடப் பெரிய ஓட்டைகள் வேறிடத்தில் இருக்கின்றன: முகத்தைச் சுற்றிய தலைமூடியின் விளிம்பு, ஜிப், மணிக்கட்டு, கணுக்கால். டைப் 5 சான்று பெறுவதற்கான சோதனையில் ஆட்கள் உடையைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள், குந்தி எழுவார்கள். உள்ளே எவ்வளவு தூசி போகிறது என்று அளப்பார்கள். 10 உடைகளில் 8 உடைகளின் சராசரிக் கசிவு 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சான்றுக்கான ஒரு நிபந்தனை. அதாவது சான்று பெற்ற உடையிலும் வெளித்தூசியில் ஒரு பங்கு உள்ளே வர இடமிருக்கிறது. துணி கிட்டத்தட்ட எல்லாத் தூசியையும் தடுத்தாலும் விளிம்புகளும் திறப்புகளும் அதை உள்ளே விடுகின்றன. ஆகவே 10 ஜிஎஸ்எம் கூடுதல் கனத்துக்குக் கொடுக்கும் காசை, ஜிப்பின் மேல் ஒட்டும் மடிப்பு, கட்டைவிரலில் மாட்டும் வளையம், முகத்தோடு படியும் தலைமூடி இவற்றுக்குக் கொடுப்பது மேல். உடையைக் கழற்றியதும் சோப்புப் போட்டுக் குளிப்பது எந்தச் சான்றிதழுக்கும் ஈடான பாதுகாப்பு. இந்த வைரஸின் கொழுப்பு உறை சோப்புக்குத் தாக்குப்பிடிக்காது.

வேலைக்கு வேலை உடை எப்படி மாற வேண்டும் என்பதைக் குட்டநாட்டைப் பார்த்தால் புரியும். கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்கள். அறுவடை முடிந்ததும் வாத்துகளை மேய விடுவார்கள். 2014, 2016, 2021, 2024 என்று பறவைக் காய்ச்சல் அங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தொற்று உறுதியானால் 1 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பறவைகளை அழிக்க வேண்டும் என்பது நடைமுறை. கால்நடைத் துறையின் விரைவுக் குழுவினர் படகிலும் வரப்பிலும் போய், வாத்துகளை வலைக்குள் ஒதுக்கி, கையால் பிடித்துக் கொல்கிறார்கள். கொலராடோவின் கொட்டகையில் தூசி எதிரி என்றால், இங்கே தண்ணீரும் சேறும். முழங்கால் அளவு நீரில் நிற்பவருக்குத் தூசி தடுக்கும் உடை அரைமணி நேரத்தில் நனைந்து ஒட்டும். அவருக்கு இடுப்புக்குக் கீழே நீர்புகாத, கழுவிப் பயன்படுத்தும் ரப்பர் கால்சட்டையும், மேலே காற்றுப்புகும் எறியும் உடையும் பொருந்தும். முழுவதும் எறியும் உடையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

குட்டநாட்டில் இன்னொரு பிரச்சினை நெருப்பு. தோண்டினால் தண்ணீர் வரும் நிலம் என்பதால் பறவைகளைப் புதைக்க வழியில்லை. விறகு அடுக்கி எரிக்கிறார்கள். பாலிஎத்திலீன் ஏறத்தாழ 135 டிகிரி செல்சியஸில் உருகும், பாலிப்ரொப்பிலீன் 160-ஐ ஒட்டி. இந்த உடைகளோடு சிதையருகே நிற்பவரின் கையில் ஒரு பொறி விழுந்தால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பறவை பிடிப்பவரும் தீ மூட்டுபவரும் ஒரே உடையில் இருக்கக் கூடாது. எரிப்பவருக்குக் கனத்த பருத்தி உடை, தோல் கையுறை, முகக்கவசம் (ஃபேஸ் ஷீல்டு) வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உடை கொதிநீருக்குப் போக வேண்டும். பறவைக் காய்ச்சலுக்கான கொள்முதல் பட்டியலில் எரிப்பவருக்கென்று தனி வரி இருக்க வேண்டும்.

பறவைகள் போன பிறகு கொட்டகையைக் கழுவும் வேலை. ஹைப்போகுளோரைட் கலந்த நீரை அழுத்தத்தோடு பீய்ச்சும்போது அது சுவரில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். இங்கே டைப் 3 அல்லது 4, அல்லது பிவிசி மழைச்சட்டை வேண்டும். என்95 தூசியைத் தடுக்கும், குளோரின் வாயுவைத் தடுக்காது என்பதையும் கழுவுபவரிடம் சொல்ல வேண்டும். மறுபுறம், வாளையாறு போன்ற சோதனைச் சாவடிகளில் கேரளத்திலிருந்து வரும் வண்டிகளின் சக்கரத்துக்கு மருந்து தெளிப்பவர் இருக்கிறார். நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளைக் காக்கும் முதல் அரண் அவர். காலையிலிருந்து மாலைவரை வெயிலில் நிற்கும் அவருக்கு முழு உடை தண்டனை. நீர்புகா ஏப்ரன், கம்பூட்ஸ், கையுறை, கண்ணாடி போதும்.

பால் பண்ணை புதிதாகச் சேர்ந்த களம். 2024 மார்ச்சில் அமெரிக்கப் பசுக்களில் எச்5என்1 கண்டறியப்பட்டது. மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் 115 பண்ணைத் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 8 பேருக்குத் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அத்தனை பேரும் பால் கறப்பவர்கள் அல்லது கறவைக்கூடத்தைக் கழுவுபவர்கள். மடி கண்ணுயரத்தில் இருக்கும் கறவைக்கூடத்தில் பால் நேராக முகத்தில் தெறிக்கும். அங்கே முழு உடையை விட, நீர்புகா ஏப்ரனும் கண்ணாடியும் அதன்மேல் முகக்கவசமும் காப்பாற்றும்.

இனி சூடு. வேர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. புழுக்கமான உடைக்குள் ஆள் மயங்கி விழுவது ஒருபுறம். அதற்கு முன்பே அவர் கண்ணாடியைத் தூக்குவார், ஜிப்பை இறக்குவார், கையுறைக் கையால் நெற்றியைத் துடைப்பார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பு உடைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் குழுவின் முடிவும் இதையே சொல்கிறது: உடம்பை அதிகம் மூடும் உடை கூடுதலாகக் காக்கலாம், ஆனால் போடுவதும் கழற்றுவதும் கடினமாகி அதனாலேயே தொற்று படிய வழியுண்டு, காற்றுப்புகும் துணி தொற்றுப் படிவை அதிகப்படுத்தாமல் அணிபவருக்கு இதம் தரலாம். அந்தச் சான்றுகள் அத்தனை உறுதியானவை இல்லை என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. என்றாலும் வெப்பநாட்டில் வாங்குகிறவருக்கு அது காட்டும் திசை சரியானது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உடையோடு தண்ணீர் குடிக்க முடியாது, சிறுநீர் கழிக்க முடியாது. ஒவ்வொரு ஓய்வுக்கும் ஓர் உடையைக் கழற்றி எறிந்து புதியதைப் போட வேண்டும். 10 பேர் கொண்ட குழு, நாளில் 3 முறை ஓய்வு என்றால் 40 உடைகள் வேண்டும். 10 மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும்? ஆட்கள் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வார்கள், அல்லது கழற்றியதையே திரும்ப மாட்டுவார்கள். வெளிப்புறம் எது உட்புறம் எது என்று தெரியாத கசங்கிய உடையை மாட்டுவது, உடையே இல்லாததை விட மோசம். விலை கூடிய 10 உடைகளா, விலை குறைந்த காற்றுப்புகும் 40 உடைகளா என்றால், உலர்ந்த கொட்டகை வேலைக்கு இரண்டாவதே சரி.

அளவைப் பற்றி அதிகாரிகள் குறைவாகவே யோசிக்கிறார்கள். கிட்டுகள் பெரும்பாலும் பெரிய அளவுகளில் வாங்கப்படுகின்றன. ஐந்தடி உயரப் பெண் ஊழியருக்கு அது தரையில் இழுபடும், கூண்டில் மாட்டும். பருமனானவருக்குச் சிறியது கொடுத்தால் குந்தும்போது தொடை இடுக்கில் பிளக்கும்.  பிளந்ததை அவரால் பார்க்கவும் முடியாது. அளவு பொருந்துகிறதா என்று அறிய, போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, முழுதாகக் குந்தி, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கழற்றும் இடத்தில்தான் பல தொற்றுகள் நடக்கின்றன. 2014-இல் மாட்ரிட் மருத்துவமனையில் எபோலா நோயாளியைக் கவனித்த ஒரு துணைச் செவிலியருக்குத் தொற்று வந்தபோது, உடையைக் கழற்றுகையில் கையுறை முகத்தில் பட்டதுதான் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அழுக்கானது முதலில், முகத்தில் இருப்பது கடைசியில் என்பதே கழற்றும் முறை. ஏப்ரன் போகும், கம்பூட்ஸ் கழுவப்படும், உடை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டப்படும், கையுறை கழலும், கை கழுவப்படும். பிறகே கண்ணாடி, கடைசியாக முகமூடி, மறுபடியும் கை. பக்கத்தில் ஒருவர் நின்று அடுத்தது என்ன என்று சத்தமாகச் சொன்னால் தவறுகள் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கையுறையையும் சட்டைக் கையையும் பேக்கிங் டேப்பால் சுற்றி ஒட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஓட்டையை அது அடைக்கும், உண்மைதான். ஆனால் கழற்றும்போது இழுத்துப் பிய்க்க வேண்டியிருக்கும். உடை கிழிந்து பொடி பறக்கும். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் டேப்பின் நுனியை மடித்து ஒரு பிடி விட வேண்டும்.

2003 முதல் உலகில் 950-க்கும் மேற்பட்டோருக்கு எச்5என்1 தொற்றியிருக்கிறது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவனும், 2025-இல் ஆந்திரத்தில் ஒரு குழந்தையும் பலியானார்கள். பறவைகளை அழிக்கப் போகிறவர்கள் தினக்கூலிகளும் கீழ்நிலை ஊழியர்களும்தான். எந்த உடை வாங்கலாம் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கால்நடைத் துறையிலும் உள்ளாட்சியிலும் கொள்முதல் கோப்பில் கையெழுத்திடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மாதிரி உடை மேசைக்கு வரும்போது, வாத்துப் பிடிக்கப் போகிற ஒருவரை அழைத்து, அதைப் போட்டுக்கொண்டு நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் வேலை செய்யச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் வாங்காதீர்கள்.